தட்டச்சில் திருத்தமும் விரைவும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில் எனக்கு முன்னர்ப் பேசிய பெருமக்கள் உயர்கல்வியைப் பற்றியும் சட்டக் கல்வியைப் பற்றியும் விரிவாக உரையாற்றினார்கள். நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியது. விசைப்பலகையைப் பாராமல், எல்லா விரல்களையும் கொண்டு, பிழையின்றியும் விரைவாகவும் தட்டச்சுச் செய்யக் கற்பது எப்படி என்பதே அது. "தலைமையாசிரியர் இதைப் பேசவா மேடை ஏறினார்?" என்று சிலர் எண்ணக்கூடும். ஏன் இதைத் தேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1983ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கூலி வேலை செய்து எங்களைக் காப்பாற்றி வந்த என் தந்தையார், நாங்கள் குடியிருந்த மனைக்குப் பட்டா வேண்டி மனுக் கொடுக்கச் சென்றார். அலுவலக வாயிலில் மரத்தடியில் அமர்ந்து மனு அடித்துக் கொடுப்பவர் ஒருவரிடம் காசு கொடுத்து மனுவை அடித்து வாங்கி, கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். சில வாரங்கள் கழித்து, மனுவில் குறித்த புல எண்ணில் அப்படியொரு மனையே இல்லை என்று மனு திரும்பி வந்தது. நான் அதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். 118 என்று இருக்க வேண்டிய இடத்தில் 181 என்று இருந்தது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். அந்த ஒரு பிழைக்காக என் தந்தையார் மேலும் மூன்று முறை அலைந்தார். மூன்று நாள் கூலி போயிற்று. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மனு அடித்தவர் தீயவர் அல்லர். அந்த வட்டாரத்திலேயே மிக வேகமாக அடிப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர். அதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். வேகம் அவரிடம் இருந்தது; அடித்ததைச் சரிபார்க்கும் பழக்கம் இல்லை. படித்துப் பார்க்கும் கண் என் தந்தையாரிடமும் இல்லை. ஆதலின், இளைஞர்களே, இன்று நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே கருத்தைச் சுற்றியே அமையும். தட்டச்சில் திருத்தம் முதலில். விரைவு அதன் பின்னால். விரைவைத் துரத்துகிறவனுக்கு இரண்டும் கிடைப்பதில்லை. திருத்தத்தைப் பற்றிக்கொள்கிறவனுக்கு விரைவும் வந்து சேர்கிறது.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் சனிக்கிழமைதோறும் நான் அமர்வது உங்களுக்குத் தெரியும். தேர்வில் தவறிய தம்பியரும் தங்கையரும் என்னிடம் வந்து, "வேகம் போதவில்லை ஐயா" என்றே சொல்கின்றனர். அவர்கள் அடித்த பயிற்சித் தாள்களை வாங்கிப் பார்க்கிறேன். வேகம் போதாமை பெரும்பாலும் அவர்கள் குறை அன்று. எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழுந்து எழுகிறார்கள். அந்த எழுந்து நிற்கும் நேரத்தையே "வேகக் குறைவு" என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதனைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். தட்டச்சில் ஒரு சொல் என்பது இடைவெளியையும் சேர்த்து 5 விசைத் தட்டல்கள் என்று கொள்ளப்படுகிறது. ஆங்கில இளநிலைத் தேர்வுக்கு உரிய வேகம் நிமிடத்திற்கு 30 சொற்கள். அதாவது 10 நிமிடத்தில் 1,500 தட்டல்கள். முதுநிலைக்கு 45 சொற்கள். 10 நிமிடத்தில் 2,250 தட்டல்கள். இளநிலை வேகத்தில் ஒரு தட்டலுக்குக் கிடைக்கும் நேரம் 0.4 நொடி. இப்பொழுது ஒரு மாணவன் கணிப்பொறியில் அதே வேகத்தில் அடிக்கிறான்; 30 தட்டலுக்கு ஒரு பிழை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 பிழைகள். ஒவ்வொரு பிழைக்கும் அழிக்க ஒரு தட்டல், மீண்டும் அடிக்க ஒரு தட்டல், ஆக 0.8 நொடி, பிழையைக் கண்டு திகைத்து நிற்பதற்கு ஒரு நொடி. 50 பிழைக்கு 90 நொடிகள் ஆகின்றன. பத்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் பிழை திருத்துவதிலேயே கழிந்துவிடுகிறது. தட்டச்சுப் பொறியிலோ அழிக்கும் விசையே கிடையாது. விழுந்த எழுத்து விழுந்ததுதான். மதிப்பெண் அங்கேயே குறைந்துவிடும்.

இது என் ஊகம் மட்டும் அன்று. 2018ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஆல்டோ பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் ஏறத்தாழ 1,68,000 பேர் தட்டச்சுச் செய்த முறையை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வேகம் நிமிடத்திற்கு 52 சொற்கள். மிக விரைவாக அடித்தவர்களே குறைந்த பிழை செய்தவர்கள் என்பது அங்கே தெரியவந்தது. விரைவும் திருத்தமும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை உடன்பிறந்தவை.

இந்தக் கலையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டபர் ஷோல்ஸ் என்னும் பத்திரிகையாளர் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் நெடுநாள் வரை பலரும் விசைகளைப் பார்த்துப் பார்த்தே அடித்து வந்தார்கள். 1888ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடைபெற்றது. நீதிமன்றச் சுருக்கெழுத்தராகப் பணியாற்றிய பிராங்க் மெக்கரின் என்பவர், விசைகளின் இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு, பலகையைப் பாராமல் எல்லா விரல்களாலும் அடித்தார். எதிர்த்துப் போட்டியிட்டவர் லூயி டிராப் என்பவர். வென்றவர் மெக்கரின். பாராமல் அடிக்கும் முறையின் பெருமை பரவுவதற்கு அப்போட்டி பெரிதும் துணைசெய்தது.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள். 247 எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்குவது எளிய செயலா? அடித்தாலும் உருளை நகராமல் நிற்கும் "நகரா விசை"களை அமைத்து, குறியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தையும் விழச்செய்தார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரை நாம் போற்றுகிறோம்.

நம் மக்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய தட்டச்சர் இன்னொருவர் உண்டு. டில்லியில் அரசு ஊழியராக இருந்த நானக் சந்த் ரத்து அவர்கள், தம் அலுவல் முடிந்த பின்னர் அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்திற்குச் சென்று அண்ணல் அம்பேத்கரின் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சுச் செய்து கொடுத்தவர். 1956 டிசம்பர் 5 இரவு, "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலுக்காக எழுதிய முன்னுரையின் தட்டச்சுப் படியைத் தம் மேசைமீது வைக்குமாறு அண்ணல் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் அண்ணல் நம்மிடையே இல்லை. அந்நூல் 1957இல் வெளிவந்தது. தட்டச்சு வெறும் எழுத்தர் வேலை என்று இகழ்கிறவர்கள் அந்த மேசையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, என் சொந்தத் தோல்வியைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், 1987இல், எங்கள் ஊரிலிருந்து 9 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்று காலை ஆறு மணி வகுப்பில் தட்டச்சுப் பயிலச் சேர்ந்தேன். மாதக் கட்டணத்திற்கு என் தாயார் பட்ட பாட்டை எண்ணி, விரைவில் கற்றுத் தேர்வெழுதிவிட வேண்டும் என்ற பதற்றம் எனக்கு. பக்கத்துப் பொறியில் இருந்தவன் வேகமாக அடிப்பது காதில் விழும். நானும் ஓடுவேன். ஓடுவதற்காக விசைகளைப் பார்ப்பேன். இரண்டு மாதத்தில் வேகம் வந்துவிட்டது போல் தோன்றியது. தேர்வு நாளில் தாளைப் பார்ப்பதா, பலகையைப் பார்ப்பதா என்று தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு வரியையே விட்டுவிட்டேன். தேர்வில் தவறினேன்.

வெட்கத்தோடு திரும்பிச் சென்றேன். பயிற்சியாசிரியர் கடிந்துகொள்ளவில்லை. ஓர் அட்டையை எடுத்து, என் கைகளுக்கு மேலே, விசைகள் தெரியாதபடி, இரண்டு கம்பிகளின் மீது வைத்தார். முதல் பாடத்திற்கே திரும்பச் சொன்னார். இடக்கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். வலக்கைக்கு அரைப்புள்ளி, எல், கே, ஜே, எச், ஜே. ஒரு முழுப் பக்கம். ஒரு பிழை வந்தாலும் புதிய தாள். மேசைமீது அடிக்கோலால் சீராகத் தட்டுவார். அந்தத் தட்டலுக்கு ஓர் எழுத்து, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒன்பது நாள் அந்த ஒரு பக்கத்திலேயே நின்றேன். பத்தாம் நாள் பிழையற்ற பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த தேர்வில் தேறினேன். அந்த ஒன்பது நாள்தான் எனக்குத் தட்டச்சுக் கற்றுக்கொடுத்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. "பதறாத காரியம் சிதறாது" என்னும் பழமொழியை அங்கேதான் முழுமையாக அறிந்தேன்.

அந்த அனுபவத்தையும், பிற்காலத்தில் மாணவர்களுக்குக் கற்பித்து அறிந்ததையும் கொண்டு, பயில வேண்டிய முறையை வரிசையாகக் கூறுகிறேன். குறிப்பேடு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அமரும் முறை. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் படிய வேண்டும். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டை மேசைமீது ஊன்றக் கூடாது. ஊன்றினால் விரல் நீளாது. கை முழுவதும் இழுபடும். படிக்க வேண்டிய தாள் கண்ணுக்கு நேராக ஒரு பக்கத்தில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, தாய் வரிசை. நடு வரிசையில் எட்டு விரல்களும் தங்கும் இடமே அவற்றின் வீடு. கணிப்பொறிப் பலகையில் எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மேல் சிறு மேடு இருப்பதைத் தடவிப் பாருங்கள். சுட்டுவிரல்கள் கண்ணின் துணையின்றித் தம் வீட்டை அறிவதற்காகவே அம்மேடு. மேலே சென்றாலும் கீழே சென்றாலும், தட்டியவுடன் விரல் வீட்டிற்குத் திரும்பிவிட வேண்டும். எந்த விசைக்கு எந்த விரல் என்று வகுத்தோமோ, அந்த விரல்தான்; ஒரு நாள் ஒரு விரல், மறுநாள் வேறு விரல் என்றால் கைக்குப் பழக்கம் ஏற்படாது. இரண்டு மூன்று விரல்களால் விரைந்து அடிப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு விசைக்கு ஒரே விரல் என்னும் ஒழுங்கைத் தம்மையறியாமலே பின்பற்றுகிறவர்கள் என்று ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். ஆயினும் அவர்கள் பலகையை அதிகம் பார்க்கிறார்கள். தாளைப் பார்த்துப் படி எடுக்க வேண்டிய தேர்வுக்கும் அலுவலகத்துக்கும் அது உதவாது.

மூன்றாவது, பாராமை. இதுவே கடினமானது. கண் பலகைக்கு இறங்கும்போதெல்லாம் கை கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறது. ஒரு கைக்குட்டையைக் கைகளின் மேல் விரித்துக்கொண்டு பழகுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் வாரம் பார்க்கத் தோன்றாது.

நான்காவது, சீர். எளிய எழுத்துகளில் ஓடி, கடிய எழுத்துகளில் நிற்பவனைவிட, எல்லா எழுத்துகளையும் ஒரே நடையில் தட்டுகிறவன் முன்னால் போய்ச் சேருவான். முதல் மாதம் வேகத்தைக் கணக்கிடவே வேண்டாம். ஒரு பக்கத்தில் இரண்டு பிழைக்கு மேல் இல்லாத நிலை மூன்று நாள் தொடர்ந்தால், நடையைச் சற்றே கூட்டுங்கள். பிழை பெருகினால் கூச்சமின்றிப் பழைய நடைக்குத் திரும்புங்கள்.

ஐந்தாவது, பிழைக் குறிப்பேடு. இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். "இன்று பத்துப் பிழை" என்று எண்ணிக்கையை மட்டும் எழுதுவதில் பயனில்லை. என்ன பிழை என்று எழுத வேண்டும். பிழைகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றின் வகைகள் சிலவே.

பக்கத்து விசை விழுந்தால், விரல் வீட்டிற்குத் திரும்பவில்லை என்று பொருள். தாய் வரிசைப் பாடத்தை மீண்டும் செய்ய வேண்டும். டி விழ வேண்டிய இடத்தில் கே விழுந்தால், கை மாறி அதே விரல் வேலை செய்துவிட்டது என்று பொருள். அவ்விரு எழுத்துகளும் மாறி மாறி வரும் சொற்களை மெல்ல அடிக்க வேண்டும். இரண்டு எழுத்துகள் இடம் மாறினால், ஒரு கை மற்றொன்றை முந்திவிட்டது, சீர் குலைந்துள்ளது. என் தந்தையாரின் புல எண் கெட்டதும் இவ்வாறே இருக்கக்கூடும். எழுத்து விடுபட்டால், பெரும்பாலும் சிறுவிரல் அல்லது மோதிரவிரல் வலுவிழந்துள்ளது. அவ்விரலுக்குத் தனிப் பாடம் வேண்டும். சொல்லோ வரியோ விடுபட்டால் அது விரலின் பிழை அன்று, கண்ணின் பிழை.

தமிழில் மற்றொரு வகையும் உண்டு. லகர, ளகர, ழகரங்களிலும் ரகர, றகரங்களிலும் நகர, னகர, ணகரங்களிலும் வரும் பிழை, விசைப் பயிற்சியால் தீராது. அதற்கு மருந்து தமிழ் நூல்களைப் படிப்பதுதான்.

ஆறாவது, நேரப் பங்கீடு. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து, "ஐயா, நாள் முழுதும் அடிக்கிறேன்" என்பவர்கள் உண்டு. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தபோது பேட்லி, லாங்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 1978இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள் ஏறத்தாழ 35 மணி நேரத்தில் பலகையைக் கற்றார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கோ அதே அளவைக் கற்க ஏறத்தாழ 50 மணி நேரம் ஆயிற்று. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நன்றாகக் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுவினரே தங்கள் பயிற்சியில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தார்கள். நாள்கணக்கில் பிறரைவிடப் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. ஆதலின், மெல்லச் செல்கிறோம் என்று மனம் சோரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தை இப்படிப் பகுத்துக்கொள்ளலாம்: முதல் 10 நிமிடம் தாய் வரிசை, அடுத்த 20 நிமிடம் நேற்றைய பிழைகள், அடுத்த 20 நிமிடம் புதிய பகுதியை மெல்ல அடித்தல், கடைசி 10 நிமிடம் கடிகாரத்தை வைத்துச் சோதனை.

ஏழாவது, தேக்கம். சில வாரம் ஏறிவந்த வேகம் ஓரிடத்தில் நின்றுவிடும். 25 சொல் என்றால் 25 சொல்தான். இருபது நாள் ஆனாலும் அசையாது. நம் பிள்ளைகள் பலர் இவ்விடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். "நமக்கு இவ்வளவுதான் வரும்" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். இத்தகைய சொல்லை நம்மீது பிறர் சுமத்தியது போதாதா? நாமே ஏன் சுமந்துகொள்ள வேண்டும்? தந்தி கற்பவர்களை ஆராய்ந்த பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1899இலேயே இத்தேக்கத்தை விளக்கியிருக்கிறார்கள். முதலில் எழுத்து பழக்கமாகிறது, பிறகு சொல், பிறகு சொற்றொடர். ஒரு படி முழுமையாக உறுதிப்பட்டு அடுத்த படி உருவாகும் வரை வெளியே வேகம் தெரிவதில்லை. நாற்று நட்ட சில நாள் வயலில் மாற்றம் தெரிவதில்லை. வேர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்நாள்களில் பயிற்சியை விடாதவனே அடுத்த படிக்கு ஏறுகிறான்.

எட்டாவதாக, விரைவு. திருத்தம் கைவந்த பின், அடிக்கடி வரும் சொற்களையும் தொடர்களையும் ஒரே மூச்சில் அடிக்கப் பழகுங்கள். "தங்களின் மேலான பார்வைக்கு", "பணிந்து வேண்டுகிறேன்" போன்ற தொடர்கள் கடிதங்களில் நாள்தோறும் வருபவை. கண், கைக்கு ஒரு சொல் முன்னால் செல்ல வேண்டும். ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் மட்டும் சற்று விரைந்து அடித்து, பிறகு அதே பத்தியை நிதானமாகப் பிழையின்றி அடியுங்கள். விரைவோடு முடித்தால் கையில் நிற்பது பதற்றம். திருத்தத்தோடு முடித்தால் நிற்பது திருத்தம்.

கணிப்பொறியில் தமிழ் அடிப்பவர்களுக்கு ஒரு சொல். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட "தமிழ்99" அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. இரண்டு கையும் மாறி மாறி உழைப்பதால் களைப்புக் குறைவு. ஒரே மெய் இரட்டித்து வரும்போது புள்ளியைப் பலகையே வைத்துக்கொள்ளும். "பட்டா" என்னும் சொல்லுக்கு ப, ட, ட, ஆ என்று நான்கு தட்டல்களே போதும். ஆனால் கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழை அடித்துப் பழகியவர்களும், பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பில் பயின்றவர்களும் பலவற்றையும் கலந்துகொண்டால் எதுவும் கைகூடாது. எழுதப்போகும் தேர்வு எந்த அமைப்பைக் கேட்கிறதோ, அதை முதலில் உறுதியாகப் பயிலுங்கள்.

பேசினால் தானே எழுதிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டனவே, இனி இது எதற்கு என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நல்ல கேள்விதான். அக்கருவிகளைப் பயன்படுத்துங்கள், குற்றமில்லை. ஆனால் பெயரிலும் புல எண்ணிலும் தொகையிலும் கருவி தவறினால் திருத்தப்போவது யார்? மேலும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். குறைந்தது ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் வேண்டும். பட்டப்படிப்பிற்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் திறந்திருக்கும் வாயில் இது. அறிவிப்புகளை அவ்வப்போது நீங்களே படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறர் சொல்லக் கேட்டு ஏமாறாதீர்கள்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளை மாலை வகுப்பிற்கு அனுப்பத் தயங்குகிறீர்கள். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆதலால் விடுமுறை நாள்களில் காலை வகுப்பு ஒன்றைத் தொடங்கச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். அனுப்பி வையுங்கள். நம் வகுப்பில் மிகக் குறைந்த பிழையோடு அடிப்பவர் இன்று ஒரு பெண்தான். வேகத்திலும் அவரே முதல்.

இளைஞர்களே! விசைப்பலகை உங்களை யார் என்று கேட்பதில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்றும் கேட்பதில்லை. எந்த விரல் எங்கே விழுந்தது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். அங்கே நீங்கள் பெறும் திறமை முழுவதும் உங்களுடையது. அத்திறமையோடு நாளை ஓர் அலுவலகத்தில் நீங்கள் அமரும்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர் உங்கள் முன் வந்து நிற்பார். அவருக்காக அடித்த தாளை உருவியவுடன் கொடுத்துவிடாதீர்கள். பெயரையும் எண்ணையும் விரல் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அதற்கு அரை நிமிடம் ஆகும். அவருக்கு மூன்று நாள் கூலி மிஞ்சும்.

என் தந்தையார் இன்று இல்லை. அந்த மனுவை நானே பின்னர் அடித்துக் கொடுத்தேன். நான் தேர்ச்சி பெற்ற பிறகு அடித்த முதல் தாள் அதுதான். 118 என்னும் எண்ணை அடித்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். பட்டா வந்தது.